ஒரே பில்டர்மேல் பலர் சேர்ந்து வழக்குப் போட: ஆவணம், செலவு, காலம்

வீட்டுக்குப் பணம் முழுக்கக் கட்டிவிட்டு, சொன்ன தேதி போய் வருடங்கள் ஆகியும் சாவி கைக்கு வராமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் குடியிருப்பில் வீடு வாங்கியவர்கள் சேர்ந்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். சட்டம் எங்களை அவ்வளவாகப் படுத்தவில்லை. யார் எவ்வளவு போடுவது, போட்டது எங்கே போகிறது, பாதியில் ஒருவர் விலகினால் என்ன செய்வது என்ற கேள்விகளில்தான் குழு திரும்பத் திரும்ப உடையப் பார்த்தது. அதனால் இங்கே பணத்துக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

வீடு என்று எழுதினாலும், ஒரே நிறுவனத்திடம் ஒரே மாதிரி ஏமாந்த எந்த நுகர்வோர் குழுவுக்கும் பெரும்பாலான படிகள் பொருந்தும். பங்குதாரர்களுக்கும் டெபாசிட் போட்டவர்களுக்கும் பாதை வேறு. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 245இன் கீழ், குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆள் சேர்த்துக்கொண்டு தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

1. எங்கே போவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சிவில் நீதிமன்றம், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் (ரெரா), நுகர்வோர் ஆணையம் என்று மூன்று வழி உண்டு. செலவை வைத்துப் பார்த்தால் சிவில் நீதிமன்றம் உடனே அடிபட்டுப் போகும். தமிழ்நாட்டில் பணம் கேட்டுப் போடும் சிவில் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். முப்பது பேர் தலைக்கு 40 லட்சம் கட்டியிருந்தால் மொத்தம் 12 கோடி. அதற்குக் கட்டணம் மட்டும் 36 லட்சம். அதே 12 கோடிக்கு நுகர்வோர் ஆணையத்தில் 7,500 ரூபாய்தான்.

ரெராவுக்குப் போக வழி இருப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கு வர முடியாது என்று பில்டரின் வக்கீல் வாதாடுவார். பயப்பட வேண்டாம். ரெரா சட்டம் நுகர்வோர் வழக்கைத் தடுக்காது, எதைத் தேர்வு செய்வது என்பது வீடு வாங்கியவரின் விருப்பம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் ஒரே கோரிக்கையோடு இரண்டு இடத்திலும் நிற்காதீர்கள்.

காலக்கெடுவையும் இப்போதே பாருங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். வீட்டை ஒப்படைக்காமலே இருப்பதைத் தொடரும் குறைபாடாக நீதிமன்றங்கள் பார்க்கின்றன, அதனால் அங்கே மூச்சுவிட இடம் உண்டு. வீடு கைக்கு வந்தபின் தெரியவரும் கட்டுமானக் குறைகளுக்கு அந்தச் சலுகையை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

2. கூட்டுப் புகாரா, பிரதிநிதிப் புகாரா?

இந்த இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். புகார் அடிபடுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

கூட்டுப் புகாரில் கையெழுத்துப் போட்டவர்கள் மட்டுமே மனுதாரர்கள். ஆணை வந்தாலும் அவர்களுக்கு மட்டும்தான். பிரதிநிதிப் புகார் என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 35(1)(சி)யின் கீழ் வருவது. ஒருவரோ சிலரோ, ஒரே நலன் உள்ள அத்தனை பேருக்காகவும் தாக்கல் செய்யலாம். அதற்கு ஆணையத்தின் அனுமதி வேண்டும், தனி மனு போட வேண்டும். அனுமதி கிடைத்ததும் மற்ற எல்லாருக்கும் அறிவிப்பு போக வேண்டும். ஆள் அதிகம் என்றால் நாளிதழில் விளம்பரம், அந்தச் செலவு உங்களுடையது. அறிவிப்பைப் பார்த்து யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து தன்னையும் சேர்க்கச் சொல்லலாம். தீர்ப்பு எல்லாரையும் கட்டும். இடையில் நீங்கள் நினைத்தபடி சமரசம் பேசி வழக்கை முடித்துக்கொள்ளவும் முடியாது.

பெங்களூரில் 1,134 வீடுகள் கொண்ட ஒரு திட்டத்தில் 51 வீடுகளை வாங்கிய 91 பேர், எல்லாருக்காகவும் என்று பிரதிநிதிப் புகார் கொடுத்தார்கள். 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை அப்படி ஏற்கவில்லை. எல்லாருடைய நலனும் ஒன்றுதான் என்று காட்டப் புகாரில் போதிய விவரம் இல்லை, கையெழுத்திட்டவர்களுக்கான கூட்டுப் புகாராக வேண்டுமானால் நடத்தலாம் என்றது. ‘நாங்கள் அனைவரும் பாதிக்கப்பட்டோம்’ என்ற ஒற்றை வரி போதாது. ஒரே மாதிரி ஒப்பந்தம், ஒரே வாக்குறுதித் தேதி, ஒரே குறை, ஒரே பரிகாரம் என்று பத்தி பத்தியாக எழுத வேண்டும்.

என் கருத்து இது: பாதிக்கப்பட்டவர்கள் யார் யார் என்று பெயரோடு தெரியும், எல்லாரும் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள் என்றால் கூட்டுப் புகாரே போதும். முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் வெளியே இருந்தால் மட்டும் 35(1)(சி)யைத் தொடுங்கள்.

குடியிருப்பு உரிமையாளர் சங்கத்தின் பெயரில் போட்டுவிடலாமே என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். அதில் ஒரு பொறி இருக்கிறது. சட்டப்படி கட்டாயமாக அமைந்த சங்கம், தன்னார்வ நுகர்வோர் சங்கம் ஆகாது, அது நுகர்வோர் புகார் கொடுக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தனி மனிதர்கள் பெயரில் போடுவதே பாதுகாப்பு.

3. கூட்டினால் டெல்லி, பிரித்தால் உள்ளூர்

எந்த ஆணையம் என்பதை நீங்கள் செலுத்திய தொகை முடிவு செய்கிறது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், 2 கோடியைத் தாண்டினால் டெல்லியில் தேசிய ஆணையம். குழுப் புகாரில் எல்லாருடைய தொகையையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும் என்று தேசிய ஆணையம் 2016இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் தலைக்கு 40 லட்சம் என்று முப்பது பேர் சேர்ந்தால் வழக்கு டெல்லிக்குப் போய்விடும்.

அதே முப்பது பேர் தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொருவரும் சொந்த மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். மனுதாரர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ தாக்கல் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. கட்டணம் தலைக்கு 1,000 ரூபாய். ஒரே வக்கீல், ஒரே மாதிரி மனு, எல்லாவற்றையும் சேர்த்து விசாரிக்கச் சொல்லி ஒரு விண்ணப்பம் என்று நடத்தலாம்.

அப்படியானால் டெல்லிக்கு ஏன் போக வேண்டும்? மேல்முறையீடுதான் காரணம். மாவட்ட ஆணையத்தில் ஜெயித்தால் பில்டர் மாநில ஆணையத்துக்குப் போவார், அங்கிருந்து சட்டக் கேள்வி ஏதாவது கிளப்பிக்கொண்டு தேசிய ஆணையத்துக்கும் போகப் பார்ப்பார். தேசிய ஆணையத்திலேயே ஆரம்பித்தால் அடுத்தது நேரே உச்ச நீதிமன்றம். அந்தப் பக்கம் படிகள் குறைவு, ஆனால் டெல்லி வக்கீல் கட்டணம் அதிகம். காணொலி வழியாக ஆஜராக விண்ணப்பிக்கலாம் என்பதால் பயணச் செலவு முன்பு மாதிரி இல்லை. தமிழில் உள்ள ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இந்த இரண்டு கணக்கையும் தாளில் எழுதி, எல்லாரும் இருக்கும் கூட்டத்தில் வைத்து முடிவெடுங்கள். வக்கீல் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

4. வழக்குக்கான பணம்

முதலில், நடக்காத வழிகளைத் தள்ளிவிடுவோம்.

‘ஜெயித்தால் பத்து சதவீதம் கொடுங்கள், இப்போது ஒன்றும் வேண்டாம்’ என்று ஒரு வக்கீல் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. நாளைக்குத் தகராறு வந்தால் அந்த ஒப்பந்தத்தை வைத்து நீங்களும் ஒன்றும் செய்ய முடியாது.

வக்கீல் அல்லாத வெளியார் ஒருவர் வழக்குக்குப் பணம் போட்டு, ஜெயித்தபின் பங்கு எடுத்துக்கொள்ளத் தடை இல்லை. உச்ச நீதிமன்றம் 2018இல் பார் கவுன்சில் எதிர் ஏ.கே. பாலாஜி வழக்கில் இதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் இப்படி முதலீடு செய்பவர்கள் தேடுவது பெரிய வணிகத் தகராறுகளைத்தான். வீட்டுக்காகப் போராடும் முப்பது குடும்பங்களைத் தேடி யாரும் வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ஒருவேளை வந்தால் ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் பாருங்கள். சமரசத்துக்குச் சரி சொல்லும் உரிமை யாரிடம்? அவர் பாதியில் பணத்தை நிறுத்தினால் என்ன? கிடைக்கும் தொகையில் முதலில் யார் எடுப்பது, அதற்கு உச்சவரம்பு உண்டா? எதிர்த்தரப்புச் செலவைக் கட்டச் சொல்லி உத்தரவு வந்தால் யார் கட்டுவது? கடைசிக் கேள்வி முக்கியம். ஒரு நடுவர் மன்ற வழக்கில், பணம் போட்டவர் வழக்கில் தரப்பினர் இல்லை, அதனால் தோற்றவர் கட்ட வேண்டிய தொகையை அவரிடம் கேட்க முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. எழுதி வாங்காவிட்டால் சுமை உங்கள் தலையில்தான்.

பலருக்குத் தெரியாத ஒரு உதவியும் இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12இன்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச சட்ட உதவி கேட்கலாம். வீடு மனைவி பெயரில் இருந்தால் அவர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். உதவி எண் 15100. தனித்தனிப் புகார் என்ற வழியை எடுத்தால் இது சிலருக்குப் பெரிய ஆறுதல்.

மற்றவர்களுக்கு வழி ஒன்றுதான்: கையைவிட்டுப் போட வேண்டும். அதை இப்படிச் செய்யுங்கள்.

பொதுச் செலவை வீட்டுக்குச் சமமாகப் பிரியுங்கள். சதுர அடிக்கு, கட்டிய தொகைக்கு என்று கணக்குப் போட ஆரம்பித்தால் கூட்டம் விடியும்வரை நடக்கும். இரண்டு வீடு வைத்திருப்பவர் இரண்டு பங்கு போடட்டும். ஆவண நகல், அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) போன்ற சொந்தச் செலவுகளை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வக்கீல் கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பேசுங்கள்: தாக்கலுக்கு ஒன்று, பிரமாணப் பத்திரச் சாட்சியத்துக்கு ஒன்று, இறுதி வாதத்துக்கு ஒன்று. வாய்தாவுக்கு இவ்வளவு என்று ஒத்துக்கொண்டால், வழக்கு ஒரு அங்குலம் நகராமலே உங்கள் நிதி கரைந்துவிடும். பேசியதைக் கடிதமாக வாங்குங்கள், ரசீதும் வாங்குங்கள்.

பணத்தை ஒருவருடைய சொந்தக் கணக்கில் போடவே கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். மூன்று பேர் பெயரில் கூட்டுக் கணக்கு தொடங்கி, இருவர் கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்கலாம் என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். ரொக்கம் வாங்காதீர்கள். எங்கள் குழுவில் ஒவ்வொரு மாத முதல் வாரமும் வங்கி ஸ்டேட்மென்ட், அதன் கீழே செலவு ரசீதுகளின் போட்டோ, இரண்டும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். ஜெராக்ஸ் கடை பில் உட்பட. அது வர ஆரம்பித்த பிறகு பணத்தைப் பற்றிய முணுமுணுப்பே எழவில்லை.

அப்புறம், முத்திரைத் தாளில் எல்லாரும் கையெழுத்திடும் ஓர் உடன்படிக்கை. அதில் இவை இருக்கட்டும்:

- ஒரு வீட்டுக்கு எவ்வளவு, எந்தெந்தத் தேதிக்குள். தவணை தவறினால் எத்தனை நாள் அவகாசம்.
- தாமதமாகச் சேருபவர் முதல் நாளிலிருந்து மற்றவர்கள் போட்ட அத்தனையையும் போட்டுவிட்டுத்தான் சேர வேண்டும்.
- விலகுபவருக்குச் செலவான பணம் திரும்பாது. மிச்சத்தில் அவர் பங்கு மட்டும் உண்டு.
- எத்தனை பேர் ஒப்புக்கொண்டால் சமரசம். வக்கீலை மாற்ற எத்தனை பேர் ஆதரவு வேண்டும்.
- ஆணையம் வழக்குச் செலவு என்று தரும் தொகை முதலில் பொது நிதிக்குப் போகும்.

இதில் கையெழுத்து வாங்கிய பிறகு வக்கீல் அலுவலகத்துக்குப் போங்கள். முன்னால் போகாதீர்கள்.

5. ஆவணங்கள்

முதலில் எக்செல்லில் ஒரே அட்டவணை: பெயர், வீட்டு எண், ஒப்பந்தத் தேதி, ஒப்படைப்பதாகச் சொன்ன தேதி, கட்டிய தொகை தேதிவாரியாக, வங்கிக் கடன் விவரம், கேட்கும் பரிகாரம். பரிகாரம் என்ற அந்தக் கடைசிப் பகுதியில் ஒருவர் ‘வீடு வேண்டும்’ என்றும் இன்னொருவர் ‘பணம் வட்டியோடு வேண்டும்’ என்றும் எழுதினால் அவர்களை இரண்டு புகாராகப் பிரித்துவிடுங்கள். ஒரே மனுவில் இரண்டும் கலந்தால் பரிகாரம் ஒன்றாக இல்லை என்று பில்டர் தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

ஒவ்வொருவரிடமும் வாங்க வேண்டியவை: விற்பனை ஒப்பந்தம், கட்டுமான ஒப்பந்தம், ஒதுக்கீட்டுக் கடிதம், எல்லா ரசீதுகளும், வங்கி ஸ்டேட்மென்ட், கடன் அனுமதிக் கடிதம், பில்டருடன் நடந்த மின்னஞ்சல்கள், விளம்பரக் கையேடு, அடையாளச் சான்று. ரசீதை மட்டும் நம்ப வேண்டாம். ஒருவர் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த ரசீதுகளை மேசைமேல் எடுத்து வைத்தார். எல்லாம் தெர்மல் தாளில் அச்சானவை. எழுத்து முழுக்க மங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பில்டரின் முத்திரை மட்டும் தெரிந்தது. வங்கி ஸ்டேட்மென்ட் இருந்ததால் தப்பினார். இன்றைக்கே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். பில்டரின் இணையதளப் பக்கத்தையும் தேதி தெரியும்படி சேமியுங்கள், புகார் போனதும் அந்தப் பக்கம் மாறலாம்.

மின்னஞ்சல், வாட்ஸ்அப் பதிவுகளைச் சேர்த்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றையும் இணைத்துவிடுங்கள். பின்னால் கேட்டு அலையவிட மாட்டார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் தாக்கலைத் தாமதப்படுத்துவார்கள். அவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அவர்களிடம் முதல் வாரமே பேசுங்கள்.

முதலீட்டுக்காக ஐந்தாறு வீடு வாங்கிப்போட்டவரைக் குழுவில் சேர்க்காதீர்கள். வணிக நோக்கம், அவர் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு கிளப்பும். அவருக்காக எல்லாரும் வாதாடிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

6. தாக்கல்

தாக்கலுக்கு முன் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் பில்டர் தரும் பதிலே பல நேரம் உங்களுக்குச் சாட்சியாகிவிடும்.

புகாரை நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் பதிவேற்றலாம். கட்டணத்தை அங்கேயே செலுத்தலாம், அல்லது டிடி எடுக்கலாம். ஆணையத்துக்கான செட்கள் போக, எதிர்த்தரப்பு ஒவ்வொருவருக்கும் ஒரு செட் நகல் தேவை. முப்பது பேருடைய ஆவணம் என்றால் ஒரு செட்டே தலையணை உயரம் வரும். பக்க எண் முதலிலிருந்து கடைசிவரை தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மனுதாரரின் பிரமாணப் பத்திரத்திலும் நோட்டரி முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றும் இருக்கிறதா என்று நீங்களே புரட்டிப் பாருங்கள். பரிசீலனையில் மனு திரும்பி வருவது பெரும்பாலும் இந்த மாதிரி விஷயத்துக்குத்தான். முப்பது பேரிடம் மறுபடி கையெழுத்து வாங்குவது லேசான வேலை இல்லை.

ஏற்பதா வேண்டாமா என்பதை ஆணையம் சாதாரணமாக 21 நாளில் முடிவு செய்ய வேண்டும்.

7. எவ்வளவு காலம் ஆகும்

சட்டப்படி மூன்று மாதம், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதம். நடைமுறையில் வருடங்கள் ஆகும் என்று குழுவிடம் முதல் கூட்டத்திலேயே சொல்லுங்கள்.

நீங்கள் இறுக்கிப் பிடிக்கக்கூடிய ஒரு தேதி உண்டு. நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் எதிர்த்தரப்பு பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் கூடுதலாக 15 நாள் தரலாம், அதோடு சரி. 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. நோட்டீஸ் சேர்ந்த தேதிக்கான அஞ்சல் அத்தாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு நாளை எண்ணுங்கள். 46ஆம் நாள் வக்கீலுக்கு நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

8. நடுவில் வரும் இரண்டு ஆபத்து

ஒன்று, தனித்தனியாக அழைத்துப் பேசுவது. அதிகம் குரல் கொடுப்பவர்களைப் பில்டர் முதலில் கூப்பிடுவார், நல்ல தொகையும் சொல்வார். அவர்களைத் தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை, தடுக்கவும் கூடாது. ஒவ்வொருவர் வீட்டு நிலைமையும் வேறு. பேச்சு வந்தால் குழுவிடம் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் உடன்படிக்கையில் எழுதி வையுங்கள். ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற வாசகம் உள்ள எந்தத் தாளிலும், பணம் கணக்கில் ஏறும்முன் கையெழுத்துப் போட வேண்டாம்.

இரண்டு, திவால் நடவடிக்கை. வேறு யாரோ போட்ட மனுவில் பில்டர் நிறுவனம் திவால் நடைமுறைக்குள் போனால் உங்கள் வழக்கு அங்கேயே நின்றுவிடும். அப்போது பொது அறிவிப்பில் உள்ள கடைசித் தேதிக்குள், வீடு வாங்கியவர்களுக்கான படிவம் சிஏவில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தங்கள் தொகையைக் கோர வேண்டும். வழக்கு நடக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். திவால் வாரியத்தின் இணையதளத்தில் இந்த அறிவிப்புகள் வரும். மாதம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள்.

9. ஆணை வந்த பிறகு

மாவட்ட ஆணைக்கு எதிராக மேல்முறையீடு செய்ய 45 நாள், தேசிய ஆணையத்தின் ஆணைக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போக 30 நாள். பணம் கொடுக்கச் சொன்ன ஆணை என்றால் பில்டர் அதில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மேல்முறையீட்டுக்குப் போக முடியும். கட்டினாரா என்று வக்கீல் மூலம் சரிபாருங்கள்.

கெடு முடிந்தும் பணம் வரவில்லையா, நிறைவேற்று மனு போடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 71இன்படி ஆணையை நீதிமன்ற டிக்ரி (தீர்ப்பாணை) போலவே நிறைவேற்றலாம். பிரிவு 72இன்படி ஆணையை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். எங்கள் அனுபவத்தில் 72ஆம் பிரிவு மனுவுக்கு நோட்டீஸ் போன பிறகுதான் எதிர்த்தரப்பு பணத்தைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தது. இந்தக் கட்டத்துக்கும் வக்கீல் கட்டணம் உண்டு, ஆகவே பொது நிதியில் ஒரு பகுதியை ஆரம்பத்திலேயே இதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

பணம் வந்ததும் ஒவ்வொருவர் பங்கும் நேரே அவரவர் கணக்குக்குப் போகும்படி விவரம் கொடுங்கள், பொதுக் கணக்கு வழியாக வேண்டாம். எல்லாருக்கும் சேர்ந்தபின் பொது நிதியில் மிச்சமிருப்பதைப் பிரித்துக் கொடுத்து, கடைசி ஸ்டேட்மென்டைக் குழுவில் போட்டு, அசல் ஆவணங்களை ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள்.